முன் வைத்தலும் பின் வைத்தலும்

இலக்கணம் கற்பிப்பவர் கதை எழுதப் புகுந்தால் என்ன நேரும் என்பதற்கு நாமே சான்று. வாக்கியங்கள் பிழையின்றி அமையும். எழுவாய் தன் பயனிலையைத் தவறாமல் சென்றடையும். ஆயினும் கதை எங்கும் சென்றடையாது. அரபு மதரஸாவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நஹ்வு என்னும் இலக்கணமும், பலாகத் என்னும் சொல்வன்மைக் கலையும் கற்பித்து வரும் நாம், ஐம்பது வயதைக் கடந்த பின்னர் ஒரு புதினம் எழுதத் துணிந்தோம். நான்கு ஆண்டுகள் எழுதினோம். 42 அத்தியாயங்கள்; கோடிட்ட குறிப்பேடுகளில் 480 பக்கங்கள். எழுதி முடித்த இரவில், பெருங்கடன் ஒன்றைத் தீர்த்துவிட்டோம் என்னும் நிறைவோடு உறங்கினோம். கடன் தீரவில்லை என்பதை அறிய மேலும் ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் கற்ற பாடத்தையே இங்கே சொல்ல விழைகிறோம். கதை ஒன்றை எழுதி வைத்துவிட்டு, அதில் ஏதோ குறைகிறது, அது எதுவெனத் தெரியவில்லை என்று மருகும் இளைஞர் பலர் உளர். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

புதினத்தின் பொருள் புதியதன்று. கடலோரச் சிற்றூர் ஒன்றில், கணவர் பினாங்கில் கணக்கெழுதிப் பணம் அனுப்ப, ஊரில் இருந்து பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயின் வரலாறு அது. நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு உள்ள கதைதான். பிறப்பில் தொடங்கி, வயது ஏற ஏற, ஆண்டு வரிசை பிசகாமல் எழுதிக் கொண்டு போனோம். கையெழுத்துப் படியைப் பக்கத்துத் தெருவில் வாழும் தமிழாசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். பணி ஓய்வு பெற்றவர். புலவர் ஐயா என்றே ஊரார் அவரை அழைப்பர். ஒரு மாதம் கழித்துப் படி திரும்பி வந்தது. பாராட்டும் இல்லை, பழிப்பும் இல்லை. பக்க ஓரங்களில் மட்டும் பென்சிலால் சிறு சிறு குறிப்புகள் இருந்தன.

அக்குறிப்புகள் அனைத்தும் நன்னூலில் இருந்து வந்தவை. ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று பவணந்தி முனிவர் வகுத்திருப்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். நாம் அவற்றை இளமையில் மனப்பாடம் செய்தவர்களே. ஆயினும் அவை இலக்கண நூலுக்கும் சமய நூலுக்கும் உரியவை என்றே எண்ணியிருந்தோம். கதைக்கும் பொருந்தும் என்று ஒருபோதும் கருதியதில்லை. பாட்டனாரின் தோணி கட்டும் தொழிலை விவரித்த ஐந்து அத்தியாயங்களின் ஓரத்தில் ‘மற்றொன்று விரித்தல்’ என்று எழுதியிருந்தார். நோன்புக் கஞ்சி காய்ச்சும் முறைக்கு நாம் தனி அத்தியாயமே ஒதுக்கியிருந்தோம். அங்கும் அதே குறிப்பு. தாய் திண்ணையில் அமர்ந்து தபால்காரரை எதிர்நோக்கும் காட்சி ஆறு இடங்களில் வந்தது. இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘கூறியது கூறல்’. இறுதி நான்கு அத்தியாயங்களுக்குச் சேர்த்து ஒரே குறிப்பு: ‘சென்று தேய்ந்திறுதல்’.

முப்பத்தொன்றாம் அத்தியாயத்தின் நடுவில் ஓர் அரைப் பக்கம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த கடிதத்தைத் தாய்க்குப் படித்துக் காட்டும் சிறுவன், அதில் சில வரிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் படிக்கிறான். அந்த அரைப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பென்சில் அழுந்திப் பதிந்திருந்தது. ‘குன்றக் கூறல்’ என்று எழுதி, அடியில் இரு கோடுகள் இட்டிருந்தார்.

அன்று மாலையே அவர் இல்லம் சென்றோம். தேநீர் வந்தது; பேச்சு வரவில்லை. பின்னர் அவரே மெல்லத் தொடங்கினார்.

“ஆலிம்சா, தப்பாக நினைக்கக் கூடாது. முந்நூறு பக்கம் சாய்ந்து உட்கார்ந்து படித்தேன். அந்தப் பையன் கடிதத்தை விழுங்குகிற இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்களோ அரைப் பக்கத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பது எழுதியவருக்குத் தெரியும் போலிருக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன் என்கிறார்.”

நாம் விடை கூறாமல் எழுந்து வந்தோம்.

வீடு திரும்பியவுடன் செய்த முதற் காரியம், அவர் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திருத்தியதே. தோணி அத்தியாயங்களைச் சுருக்கினோம். திண்ணைக் காட்சிகளுள் நான்கை நீக்கினோம். ஐம்பது பக்கம் குறைந்தது. கதை விரைவு பெறவில்லை. பின்னர், நீளமே குறை என்றால் பகுத்துவிடலாமே என்று தோன்றிற்று. எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூஸ் தம் கெய்ரோக் குடும்பக் கதையை ஒரே நெடும் புதினமாக எழுதியிருந்தார். அது 1956, 1957ஆம் ஆண்டுகளில் மூன்று நூல்களாகப் பிரிந்து வெளிவந்தது. அந்த முன்மாதிரி நமக்கு ஆறுதலாயிருந்தது. நாமும் மூன்று பாகங்கள் என எழுதி, ஒவ்வொன்றுக்கும் தலைப்பும் இட்டோம். மஹ்ஃபூஸின் கதையைப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் தன் காலில் நின்றது. நம் கதையைப் பிரித்தபோது ஒரு தளர்ந்த நூல் மூன்று தளர்ந்த நூல்களாயிற்று. சுருக்குவது வேறு, பகுப்பது வேறு, ஒழுங்குபடுத்துவது வேறு என்பது அப்போதுதான் விளங்கிற்று.

வழி கிடைத்தது வகுப்பறையில். முதலாண்டு மாணவர்களுக்கு இணைப்பிடைச் சொற்களைக் கற்பித்துக் கொண்டிருந்தோம். அரபு மொழியில் ‘வாவ்’ என்னும் இடைச்சொல் இரண்டை வெறுமனே சேர்த்து வைக்கும். எது முன், எது பின் என்றுகூடச் சொல்லாது. நம் ‘உம்’ போன்றது. ‘ஸும்ம’ என்பது காலம் தாழ்த்தி வருவதைக் காட்டும். ‘அதன் பின்னர்’ என்பதற்கு ஒப்பு. ‘ஃபா’ என்பதோ முன்னதை ஒட்டி உடனே பின்னது நிகழ்ந்ததைக் காட்டும்; பல இடங்களில் முன்னது காரணமாகப் பின்னது விளைந்தது என்பதையும் உணர்த்தும். முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்த பாடம் அன்று நம் மீதே திரும்பிற்று.

இரவில் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் 42 அத்தியாயங்களையும் ஒவ்வொரு வரியாக எழுதினோம். ‘இவ்வத்தியாயத்தில் என்ன வருகிறது’ என்று எழுதவில்லை. ‘இது முடியும்போது என்ன மாறியிருக்கிறது’ என்று எழுத முயன்றோம். ஒன்பது அத்தியாயங்களுக்கு எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை. பிறகு இரு வரிகளுக்கு இடையில் எந்த இடைச்சொல் பொருந்தும் என்று குறித்தோம். இணைப்புகள் மொத்தம் 41. அவற்றுள் வாவ் 27, ஸும்ம 9, ஃபா 5. அதாவது, இது நடந்தது, அதுவும் நடந்தது, இதுவும் நடந்தது என்று சொல்லிக் கொண்டே போயிருந்தோம். அந்த ஐந்து ‘ஃபா’க்களும் எங்கே இருந்தன என்று பார்த்தோம். ஐந்தும் முப்பத்தொன்றாம் அத்தியாயத்துக்குப் பின்னரே வந்தன. சிறுவன் விட்டுவிட்ட அந்த வரிகளிலிருந்து கிளைத்தவை அவை. கதையின் உயிர் அரைப் பக்கத்தில் ஒளிந்திருக்க, அதன் உடலை முந்நூறு பக்கங்களுக்கு அலங்கரித்துக் கொண்டிருந்திருக்கிறோம்.

பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி தம் ‘தலாயிலுல் இஃஜாஸ்’ என்னும் நூலில் ‘நழ்ம்’ என்னும் கோட்பாட்டை விரித்துரைக்கிறார். சொல்லின் சிறப்பு தனிச் சொல்லில் இல்லை. அது எந்தச் சொல்லுக்கு அருகில், எந்த ஒழுங்கில் அமைகிறது என்பதிலேயே உள்ளது என்பது அதன் சாரம். அந்நூலில் ‘தக்தீம், தஃகீர்’ என்னும் பகுதி உண்டு. முன் வைத்தல், பின் வைத்தல் என்பது பொருள். ஊரையே அலைக்கழித்த கலகக்காரன் ஒருவன் கொல்லப்பட்டால், மக்கள் அறிய விரும்புவது அவன் ஒழிந்தானா என்பதையே; கொன்றவர் யார் என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. ஆகவே செய்தி சொல்பவர் கொல்லப்பட்டவனை முன் வைக்கிறார். முக்கியமானது முன் வரும் என்று பழைய இலக்கண ஆசிரியர் ஸீபவைஹி சொல்லிவிட்டார். ஜுர்ஜானி அத்துடன் அமையவில்லை. முக்கியம் ஆதலால் முன் வைத்தார் என்று சொல்லி நிறுத்துவது போதாது. அது ஏன் முக்கியமாயிற்று, அந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்றும் விளக்க வேண்டும் என்கிறார்.

இதைப் பலமுறை கற்பித்த நாம், மறுபக்கக் கேள்வியைக் கேட்டதில்லை. முக்கியமானதை ஒருவர் பின் வைத்தால், அது எங்கிருந்து வந்தது? அக்கறையின்மையாலா? இல்லை. நம் வரையில் அது அச்சத்தால் வந்தது.

இனி மறைப்பதில் பயனில்லை. அந்தச் சிறுவன் நாமே. 1981ஆம் ஆண்டு நமக்கு வயது பன்னிரண்டு. உம்மா குர்ஆனை அழகுற ஓதுவார். அரபுத் தமிழில் அச்சான பழைய கிதாபுகளையும் படிப்பார். தமிழ் எழுத்து மட்டும் அறியார். வாப்பா பினாங்கிலிருந்து நீலநிற விமானக் கடிதத்தில் தமிழில் எழுதுவார். படித்துக் காட்டுவது நம் வேலை. அந்த ஆண்டு வந்த ஒரு கடிதத்தில் வாப்பா எழுதியிருந்தார்: கண் மங்கி வருகிறது, கணக்கெழுத முடியவில்லை, ஊர் திரும்பிவிடவா, இன்னும் சில ஆண்டு பொறுக்கவா, நீ சொல்கிறபடி செய்கிறேன், ஆனால் வந்துவிட்டால் பையனை வெளியூர் மதரஸாவுக்கு அனுப்ப வசதிப்படாது, கடையில் உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

மதரஸாவில் சேரும் நாளை எண்ணிக் கொண்டிருந்த சிறுவன் அந்த வரிகளை விட்டுவிட்டு, ஸலாத்துக்குத் தாவினான். உம்மா சொல்லச் சொல்ல எழுதிய பதில் கடிதத்தில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. விடை வராததையே வாப்பா விடையாகக் கொண்டார் போலும். மீண்டும் கேட்கவில்லை. 1985இல் பினாங்கிலேயே மறைந்தார், அங்கேயே அடக்கம். நாம் ஆலிமானோம். இன்று மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஒவ்வொரு பாடமும், நாம் படிக்காமல் விட்ட அந்த வரிகளின் மேல்தான் நிற்கிறது.

இதைச் சொல்லவே புதினம் எழுதத் தொடங்கினோம். இதைச் சொல்லாதிருக்கவே 480 பக்கங்கள் எழுதினோம். கட்டமைப்பில் குறை என்று நாம் கருதியது பெரும்பகுதி அதுதான். தோணியும் கஞ்சியும் வேறு எதற்காக வந்தன? எழுத்தாளர் எந்த இடத்தில் அநாவசியமாக விரிக்கிறார் என்று பார்த்தால் போதாது; எந்த இடத்தில் அவசரமாகக் கடந்து போகிறார் என்று பார்க்க வேண்டும். அங்கேதான் கதை புதைந்திருக்கும்.

திருத்தும் வேலை அதன் பின்னரே உண்மையில் தொடங்கிற்று. கடிதக் காட்சியை முதல் அத்தியாயமாக வைத்து எழுதிப் பார்த்தோம். சரிவரவில்லை. தாய் யார், சிறுவன் எதை விரும்புகிறான் என்று அறியாத வாசகருக்கு, விடுபட்ட வரிகள் வெறும் வரிகளே. முன் வைத்தல் என்றால் முதலில் வைத்தல் என்று பொருளன்று என அறிந்தோம். இப்போது முதல் அத்தியாயத்தில் தாய் ஒரே ஒருமுறை தபாலுக்குக் காத்திருக்கிறாள். இரண்டாவதில் சிறுவன் மதரஸாவைப் பார்த்துவிட்டு வருகிறான். மூன்றாவதில் கடிதம் வருகிறது. விட்ட வரிகளை வாசகர் முழுமையாகப் படிக்கிறார். தாய் மட்டும் கேட்கவில்லை. அதற்குப் பின் வரும் ஒவ்வொரு எளிய காட்சியிலும், தாய் அறியாத ஒன்றை வாசகர் அறிந்திருக்கிறார். பெருநாளுக்குப் பணம் வருவதும், புத்தாடை எடுப்பதும், முன்பு வெறும் வாவ். இப்போது அவை ஃபா.

முடிவை முன்னரே உணர்த்திவிட்டால் சுவை குன்றாதா என்று ஓர் அன்பர் வினவினார். மதரஸாவில் ஸூரா யூஸுஃப் ஓதியவர்கள் அவ்வாறு கேட்க மாட்டார்கள். இறைமொழியோடு நம் எழுத்தை ஒப்பிடுவது நம் நோக்கமன்று. மாணவர் என்ற நிலையில் அதன் ஒழுங்கைக் கவனிக்கிறோம். 111 வசனங்கள் கொண்ட அந்த ஸூராவில் வரலாறு பிறப்பிலிருந்து தொடங்கவில்லை. மகன் கண்ட கனவைத் தந்தையிடம் சொல்வதில் தொடங்குகிறது. அந்தக் கனவு நூறாம் வசனத்தில் நனவாகிறது. முடிவு தொடக்கத்திலேயே சுட்டப்பட்டுவிட்டது. ஆயினும் கேட்பவர் நெஞ்சு இறுதிவரை பதைக்கிறது. சட்டை மூன்று இடங்களில் வருகிறது: பொய் இரத்தம் தோய்ந்து ஒருமுறை, பின்புறம் கிழிந்து ஒருமுறை, பார்வை இழந்த தந்தைக்குப் பார்வை மீள ஒருமுறை. முதலில் பொய்ச்சான்று, அடுத்து மெய்ச்சான்று, இறுதியில் மருந்து. ஒரே பொருள் மீண்டும் வருவதெல்லாம் கூறியது கூறல் ஆகாது. வரும்தோறும் அது வேறொன்றைச் செய்ய வேண்டும். நம் திண்ணைக் காட்சிகள் ஆறும் ஒரே வேலையைச் செய்தன. இப்போது மூன்று உள்ளன. மூன்றாவதில் திண்ணை வெறுமையாய்க் கிடக்கிறது.

கஸ்வீனியின் ‘தல்கீஸ்’ நூல் தன் இறுதியில், சொல்பவர் மூன்று இடங்களில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும் என்கிறது: தொடக்கம், ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும் இடம், முடிவு. முதல் இரண்டும் ஒருவாறு கைகூடின. முடிவே நம்மை மிகவும் சோதித்தது. பழைய படியின் முப்பத்தொன்பதாம் அத்தியாயத்தில், வளர்ந்த மகன் தாயிடம் அனைத்தையும் ஒப்புக்கொள்கிறான். தாய் கண்ணீரோடு மன்னிக்கிறாள். எழுதும்போது நாமே அழுத அத்தியாயம் அது. புலவர் ஐயா அதன் ஓரத்தில் ‘மாறுகொளக் கூறல்’ என்று குறித்திருந்தார். முப்பத்தெட்டு அத்தியாயங்கள் வாய் திறவாத மகன் திடீரென்று திறப்பது முன்னுக்குப் பின் முரண் என்பது அவர் கருத்து. அவர் அறியாத முரண் ஒன்றும் உண்டு. நாம் உம்மாவிடம் சொல்லவே இல்லை. 2009இல் உம்மா மறைந்தபோது, கடிதங்கள் அனைத்தும் தகரப் பெட்டியில் அடுக்கியபடி இருந்தன. அந்தக் கடிதமும் மற்றவற்றைப் போலவே மடிந்திருந்தது. கிடைக்காத மன்னிப்பை நாமே எழுதி நமக்கு வழங்கிக் கொண்டிருக்கிறோம் என்பது புலனானதும், அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டோம். அதற்குப் பின்னிருந்த மூன்றும் தாமாகவே உதிர்ந்தன. இப்போது கதை பெட்டியைத் திறக்கும் இடத்தில் முடிகிறது. 42 அத்தியாயங்கள் 26 ஆயின.

இறுதியாக ஒன்று. திருத்திய படியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண் மன்னிக்கும் இணைப்பைச் செவி மன்னிக்காது. நாம் நம் ராத்தாவுக்குப் படித்துக் காட்டினோம். அறுபதைக் கடந்தவர், கண்ணில் புரை, கேட்பதில் குறையில்லை. மூன்றாம் அத்தியாயம் வந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் விட்ட வரிகளை இம்முறை விடாமல் படித்தோம். தொண்டை அடைத்தது; நிறுத்தவில்லை.

ராத்தா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் சொன்னார்:

“அன்னைக்கு உம்மா அடுப்படியிலே வந்து எங்கிட்டச் சொன்னாங்க தம்பி. ‘தாளு முழுக்க எழுத்தாக் கெடக்குது, படிச்சு முடிக்க இவ்வளவு நேரந்தானா’ன்னு. அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்லை.”

புதினம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தோம். இந்த ஒரு வரி வந்து சேர்ந்திருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் வைத்தால் தாய் அன்றே ஐயுற்றாள் என்றாகும். அதன்பின் அவள் காத்த மௌனம் முழுவதும் வேறு பொருள் பெறும். இறுதியில் வைத்தால், பெட்டியில் மடிந்து கிடந்த கடிதம் வேறு பொருள் பெறும். முன் வைப்பதா, பின் வைப்பதா? நாட்காட்டித் தாள்களை மீண்டும் விரித்து வைத்துக் கொண்டு அமர்ந்திருக்கிறோம்.